வெளியே மட்டும் கழுவுகிறோம்

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பும் எல்லோரும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

கடந்த வாரம் ஒருநாள் காலை 7 மணியிருக்கும். சம்மாந்துறையிலிருந்து காரைதீவுப் பக்கம் போகும் வயல்வெளி வீதியில் பாடசாலை வேனில் வந்துகொண்டிருந்தோம். ஆசிரியர்கள் நாங்கள் மூவர், பின்னால் பிள்ளைகள். வேன் கிழக்கு நோக்கிப் போகிறது, சூரியன் நேரே முகத்தில். திடீரென சாரதி பிரேக் அடித்தார். பிள்ளைகள் முன் சீற்றில் மோதினார்கள். வேனுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒரு வயோதிபர். முன் சீற்றில் இருந்த எங்களுக்கும் அவர் அதுவரை தெரியவில்லை.

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிட்டு சேர், ஒண்டும் தெரியல்ல" என்றார் சாரதி.

பாடசாலைக்கு வந்து இறங்கியதும் முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தோம். கோடு தெளிவாக விழுந்தது. விரலில் பிசுக்கு. முதல்நாள்தான் வொஷ் பண்ணிய வேன் அது. வெளிப்பக்கம் பளபளக்கிறது. உள்ளே பால் பூசியது போல ஒரு படலம்.

வெயிலைக் குறை சொல்லித் தப்பிக்க வேண்டாம். சூரியன் என்றைக்கும் கிழக்கில்தான் உதிக்கிறது.

இந்தப் படலம் எங்கிருந்து வருகிறது? வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தில் டாஷ்போர்டின் பிளாஸ்டிக் சூடாகும்போது அதிலுள்ள எண்ணெய்த்தன்மையான பொருட்கள் ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. அதோடு நமது மூச்சு, சாரதி பிடிக்கும் சிகரெட், ஏசி ஊதும் தூசு, வைக்கோல் எரிக்கும் காலத்துப் புகை எல்லாம் சேர்கின்றன. இவை போதாதென்று நாமே காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதும் உண்டு: டாஷ்போர்ட் பளபளக்கப் பூசும் பொலிஷ், வாசனைக்கு அடிக்கும் ஸ்பிறே. டாஷ்போர்ட் மின்ன வேண்டுமென்று பூசுகிறோம், கடைசியில் வீதி மங்குகிறது.

ஒளி சிதறுவதை வகுப்பில் படம் கீறிப் படிப்பிக்கிறோம். அதே பாடம்தான் இது. தெளிந்த கண்ணாடியில் ஒளி நேரே ஊடுருவும். படலம் படிந்த கண்ணாடியில் சிதறி, முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். இரவில் எதிரே வரும் லொறியின் லைட்டைச் சுற்றி வளையம் தெரிவதும் இதனால் இருக்கலாம். மாரி காலத்தில் அழுக்குக் கண்ணாடியில் ஆவி இன்னும் இலகுவாகப் படியும். "கண் வயசாகிட்டு" என்று கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறவர்கள், முதலில் வாகனத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் தெரியாவிட்டால் கட்டாயம் கண் வைத்தியரிடம் போங்கள்.

"நாங்க துடைக்கிறம்தானே" என்பார்கள். எதனால்? சீற்றுக்குக் கீழே கிடக்கும் எண்ணெய்த் துணியால், அல்லது உள்ளங்கையால். அது துடைப்பதல்ல, பிசுக்கை இங்கிருந்து அங்கே இழுத்துவிடுவது. சவர்க்காரத் தூளை அள்ளிப்போட்டுக் கழுவினால் அதுவும் காய்ந்து இன்னொரு படலமாகும்.

முறை இதுதான். வாகனத்தை நிழலில் விட்டு, கண்ணாடி ஆறியதும் தொடங்குங்கள். முதலில் உலர்ந்த துணியால் தூசைத் தட்டுங்கள். பிசுக்கு தடிப்பாக இருந்தால் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை. அதன் பின் பாமசியில் ஐசோபுரோபைல் அல்ககோல் வாங்கி, அதே அளவு தண்ணீர் கலந்து துடையுங்கள். கைக்குப் பூசும் செனிடைசர் வேண்டாம், அதில் சேர்க்கும் கிளிசரின் மறுபடியும் படலம் விடும். அல்ககோல் தீப்பிடிக்கும், ஆகவே கதவுகளைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சிகரெட் கூடாது. அது கிடைக்காவிட்டால் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் போதும். எதையும் கண்ணாடியில் நேரே அடிக்காமல் துணியில் விடுங்கள், டாஷ்போர்டுக்குள் வடியாது. கடைசியில் வேறொரு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. உள்ளே மேலிருந்து கீழாகவும் வெளியே பக்கவாட்டிலும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும். டின்ட் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த திரவம் கூடாது.

பழைய பிசுக்கு ஒரே தடவையில் போகாது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை செய்யுங்கள். அதன் பிறகு கிழமைக்கு 10 நிமிடம் போதும்.

2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மீண்டும் திறந்தது. இன்றைய விலையில் புது வேன் வாங்கச் சொல்லி எந்தச் சாரதிக் காக்காவிடமும் நாம் கேட்க முடியாது. இருக்கிற வேனின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிக் கேட்கலாம். சீற் கவர், பாட்டுப் பெட்டி, கண்ணாடி நிறைய ஸ்ரிக்கர், தொங்கும் பொம்மை என்று செலவழிக்கப் பணம் இருக்கிறது. ஒரு துணிக்கும் ஒரு சிறிய போத்தலுக்கும் இல்லை என்றால் யார் நம்புவது?

சாரதிகளை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அன்று பின்னேரம் எங்கள் சொந்த வாகனங்களிலும் விரல் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் கோடு விழுந்தது. வேன் காசு ஏறினால் கூட்டம் கூடிக் கதைக்கும் நாம், அந்தக் கண்ணாடியை ஒருநாளாவது பார்த்தோமா? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ கதைக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் எடுப்போம்.

நாளைக் காலை பிள்ளையை ஏற்றும்போது, சாரதியிடம் அனுமதி கேட்டு, கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு விரல் வைத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் சண்டை பிடிக்காதீர்கள். ஒரு சுத்தமான துணியைக் கையில் கொடுங்கள். அன்று அந்த வயோதிபர் தப்பியது ஒரு முழத்தில். அடுத்த தடவை அந்த ஒரு முழம் இல்லாமல் போகலாம்.