கைமாற்றுப் பணம்

ஐக்கிய அமெரிக்காவில் தொழில் பார்க்கும் மகன், "மலிவாக ஒரு வீடு வருகிறது, ஒப்பந்தத்தை எனக்கு மாற்றித் தருபவருக்குப் 10,000 டொலர் உடனே கட்டவேண்டும்" என்று அறிவித்தால், இங்குள்ள பெற்றார் என்ன மறுமொழி கூறுவது?

இத்தகைய தரகரை அங்கே 'ஹோல்சேலர்' என்பர். அவர் வீட்டை வாங்குவதில்லை. வீட்டுக்காரருடன், சொல்வோமானால், 150,000 டொலருக்கு ஒப்பந்தம் எழுதி, அவ்வொப்பந்தத்தின் உரிமையை மட்டும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கிறார். அதற்குப் பெறும் 10,000 டொலரே கைமாற்றுக் கட்டணம். இது களவு வியாபாரம் அன்று. ஆயினும், ஒரே கடதாசியை இருவருக்கு விற்பதும், வீட்டுக்காரர் கையொப்பமே இடாத கடதாசியை விற்பதும் அதில் இயலும்.

நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலே செல்லும். அமெரிக்காவிலோ விற்பனை ஒப்பந்தத்துக்குப் பொதுவாக எழுத்தும் கையொப்பமும் போதும். 'பத்திரம் இருக்கிறதே' என்று நாம் கொள்ளும் ஆறுதல் அங்கே அவ்வளவு பெறுமதியுடையதன்று.

ஆகவே, பணம் தரகர் கையிற் சேரலாகாது. உரித்தை ஆராய்ந்து உறுதி முடித்துக் கொடுக்கும் 'டைட்டில்' கம்பனிகள் அங்குண்டு. சில மாநிலங்களில் வழக்கறிஞரே அதனைச் செய்வர். கைமாற்றுக் கட்டணம் அவர்களுடைய முடிவுக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற்று, உறுதி முடியும் நாளில் அவர்களாலேயே கொடுக்கப்படவேண்டும். உறுதி முடியாவிடின் கட்டணமும் இல்லை என்று கைமாற்றுப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். முற்பணம் கேட்டால் அதுவும் அவர்களுடைய பொறுப்புக் கணக்குக்கே செல்லட்டும். எந்நிலையில் அது திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நேர்மையான தரகர் இதற்கு முகஞ்சுளிப்பதில்லை. "இன்று மாலைக்குள்" என்று விரட்டுபவரைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும்.

கம்பனியின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, வேறு வங்கிக் கணக்கைக் காட்டுவோரும் உளர். கம்பனியின் தொலைபேசி இலக்கத்தைத் தாமே தேடி, பேசி, கணக்கிலக்கத்தை உறுதிசெய்த பின்னரே பணத்தை அனுப்பவேண்டும்.

மூல ஒப்பந்தத்தையும் படித்தல் வேண்டும். வங்கி வசமான வீடுகளின் ஒப்பந்தங்களில் கைமாற்றத்தைத் தடுக்கும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். சிக்காகோ நகரமுள்ள இல்லினோய் மாநிலத்தில், பன்னிரண்டு மாதத்துள் ஒருமுறைக்கு மேல் இத்தொழிலைச் செய்பவர் தரகர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென 2019 இல் சட்டம் இயற்றப்பட்டது.

மகனிடம் முதலிற் கேட்கவேண்டியவை, மூல ஒப்பந்தத்தின் பிரதியும் உறுதி முடிக்கும் கம்பனியின் பெயருமே. பணப்பேச்சு அதன் பின்னர் நடக்கட்டும்.