உப்பு வயலில் நெல் விளையுமா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி கடல் பொங்கியது. நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் உப்பு நீர் புகுந்தது. பயிர் கருகியது. ஆனால், பிச்சாவரம் அலையாத்திக் காடு தாக்குப்பிடித்து நின்றது!

அந்த மரங்கள் உப்பு நீரிலேயே வாழ்பவை. காரணம், அவற்றின் மரபணு. தாயின் சாயலைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் மரபணுதான்.

சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவும் மற்ற விஞ்ஞானிகளும் சுனாமிக்கு முன்பே இதை ஆராயத் தொடங்கினார்கள். உப்பைத் தாங்க உதவும் மரபணுவை வெண்கண்டல் மரத்தில் இருந்து பிரித்து, நெல்லில் சேர்த்தார்கள்.

ஒன்று, நூறு கோடி ஆகும்

கண்ணுக்குத் தெரியாத மரபணுவை எப்படிக் கையாளுவது? அதைப் பெருக்க வேண்டும். அதற்கு உதவுவது "பி.சி.ஆர்." முறை. 1983-ல் அமெரிக்காவின் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தது.

மரபணு, இரட்டை இழை. சூடாக்கினால் பிரியும். சூட்டைக் குறைத்தால் ஒவ்வொரு இழைக்கும் புது ஜோடி வளரும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். இப்படி 30 தடவை செய்தால் நூறு கோடியைத் தாண்டும்!

வயலுக்கு வருமா?

ஆராய்ச்சிசாலையில் அந்த நெல் உப்பைத் தாங்கியது. ஆனால், விதை உழவர் கைக்கு வரவில்லை. சாப்பிடுகிறவர்களுக்குக் கேடு வருமா? பக்கத்து வயல் நெல்லோடு கலந்துவிடுமா? இவற்றைச் சோதித்தாக வேண்டும்.

சோதனை அவசியம்தான். ஆனால், உப்பு ஏறிய வயலை வைத்திருப்பவர் எத்தனை காலம் காத்திருப்பார்?