தோழியருக்குள் ஏலம்

"ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!"

பங்குத் திருவிழாவில் பூசை முடிந்தபின் கோயில் முற்றத்தில் எழும் இக்குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காணிக்கையாக வந்த வாழைத்தாரும், சேவலும், புதிதாய்க் காய்த்த தென்னையின் இளநீர்க் குலையும் அங்கே ஏலம் போகும். கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் தாரை 1,000 ரூபாய்க்குக் கேட்கிறவரும் உண்டு. அவரை ஏமாந்தவர் என்று எவரும் சொல்வதில்லை. தார் யார் கொடுத்தது, பணம் எங்கே போகிறது என்பதெல்லாம் முற்றத்தில் நிற்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இன்று ஏலம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்பாவின் கைபேசியில் படத்தை ஏற்றி, ஆரம்ப விலையை எழுதிவிட்டால், எங்கோ இருக்கும் ஒருவர் இரவு பத்து மணிக்கு அதைக் கேட்கிறார். விற்பவரை வாங்குகிறவருக்குத் தெரியாது. வாங்குகிறவரை விற்பவருக்குத் தெரியாது. அது அவர்கள் பாடு. வாரந்தோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டும் தோழியரிடம் நம் ஏலத்தைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்? இதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

பெற்றோருக்காக ஒரு குறிப்பு. நம் பள்ளியின் தபால்தலைக் கழகம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கூடுகிறது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கும் தலைகளை மாற்றிக்கொள்வோம். தண்ணீரில் ஊறவைத்து உறையிலிருந்து தலையைப் பிரிக்கச் சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அஞ்சல் துறை 2017இல் தொடங்கிய 'ஸ்பர்ஷ்' திட்டத்தில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு ஆசைப்பட்டுக் கழகத்தில் சேர்ந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். மறைப்பானேன்? சேர்ந்த பிறகு தலைகளே எங்களைப் பிடித்துக்கொண்டன.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை அப்படியே எழுதுகிறோம். செய்தவள் யார் என்று சொல்லப்போவதில்லை. அவள் எங்கள் வகுப்புப் பெண். ஆகவே நாங்கள் செய்தோம் என்றே எழுதுகிறோம்.

அன்னை தெரேசாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979இல். மறு ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், அவர் உயிருடன் இருக்கும்போதே, அவர் உருவம் பொறித்த 30 காசுத் தபால்தலையை இந்திய அரசு வெளியிட்டது. அன்றைய முத்திரை விழுந்த முதல்நாள் உறை ஒன்று மாமா வீட்டுப் பெட்டியிலிருந்து எங்கள் கைக்கு வந்தது. அண்ணனின் கணக்கில் அதை ஏலத்துக்கு விட்டோம். ஆரம்ப விலை 100 ரூபாய். அந்த வெள்ளிக்கிழமை கழகத்தில் எழுந்து, "வலையில் ஓர் அருமையான உறை வந்திருக்கிறது, விட்டால் கிடைக்காது" என்றோம். எங்களுடையது என்று சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னோம். அதுவும் போதாதென்று இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சொன்னோம்.

அவர்களில் ஒரு சிறுமி, தன் பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசு தேடிக்கொண்டிருந்தாள். "அக்கா, நல்ல உறைதானா?" என்று கேட்டாள். "நல்ல உறைதான்" என்றோம். அவளுடைய உண்டியல் பணத்தை நம்பி அவள் அப்பா கேட்கத் தொடங்கினார்.

இந்த ஏலம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும். நாம் தரச் சம்மதிக்கும் உச்சத்தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. வேறொருவர் கேட்கக் கேட்க, கணினியே நமக்காக ஒவ்வொரு படியாக ஏற்றிக் கேட்கும். எதிரே கேட்பவர் எவரும் இல்லையென்றால் 600 எழுதியவருக்கும் பொருள் 100க்கே கிடைத்துவிடும். சிறுமி எங்களிடம் வந்து, "அக்கா, அப்பா 600 வரை எழுதியிருக்கிறார். கிடைக்குமா?" என்று கேட்டாள். பாவம், அக்காவாயிற்றே என்றுதான் சொன்னாள். அன்றிரவு எங்கள் சித்தப்பா மகன் வேறொரு கணக்கிலிருந்து ஏற்றிக்கொண்டே போய் 580இல் நிறுத்தினான். உறை 590 ரூபாய்க்கு அவளுக்கு விழுந்தது.

வந்த உறையின் முன்பக்கம் அழகாகத்தான் இருந்தது. பின்பக்கம் ஈரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன; ஓர் ஓரத்தில் கிழிசலை ஒட்டியிருந்தார்கள். படத்தில் முன்பக்கம் மட்டுமே இருந்தது. அதையும் அவள் குறையாகச் சொல்லவில்லை. கழகத்தில் எல்லாருக்கும் காட்டவென்று தபாலில் வந்த கவரோடு கொண்டுவந்தவள், அனுப்பியவர் முகவரியைப் படித்துவிட்டு, "அக்கா, இது உங்கள் தெருவல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்த தெருவின் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் கேட்டாள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவளும் வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் வெள்ளிக்கிழமைகளில் அவள் வரவில்லை. வந்த பிறகும் எந்தத் தலையைப் பற்றியும் எங்களிடம் கேட்பதில்லை. அவளைப் பார்த்து மற்றச் சிறியவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

"உறை போலியில்லையே, யாரும் கையைப் பிடித்து வாங்க வைக்கவில்லையே" என்று எங்களுக்குள் வாதாடிப் பார்த்தோம். வாதம் நிற்கவில்லை. அவள் கேட்டது அக்காவை. பதில் சொன்னது வியாபாரி. கடைக்காரர் தம் சரக்கைப் புகழ்ந்தால் கேட்பவர் அதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார். கழகத்தில் யாரும் அப்படித் தள்ளிக் கேட்பதில்லை. அதனால்தான் "இது என்னுடையது, விற்கிறேன்" என்ற சொல் புகழுக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வந்தால் பயனில்லை.

சித்தப்பா மகன் செய்த காரியத்துக்குச் சட்டத்திலும் இடமில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. விற்பவர் தாமும் கேட்பதற்கான உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல், தாமோ தம் பொருட்டு வேறொருவரோ கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே தள்ளிவிடலாம். கணினி வருமுன்பே எழுதிய சட்டம். ஆசை எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலும்!

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்கும் தோழியருக்கு ஒரு செய்தி. 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் வலையில் ஓர் ஏலச் சந்தையைத் தொடங்கினார். பின்னாளில் 'ஈபே' என்று பெயர் பெற்றது அதுவே. அதில் முதலில் விற்ற பொருள், பழுதாகிப்போன ஒரு லேசர் விளக்குக் கோல். பழுதானது என்று எழுதியேதான் விற்றார். 14 டாலர் 83 செண்டுக்குப் போயிற்று. வாங்கியவர் விஷயம் புரிந்துதான் வாங்கினாரா என்று அவரையே கேட்டார். பழுதான கோல்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று பதில் வந்தது!

மூத்தவர்கள் சிறியவர்களிடம் வாங்குவதிலும் இதே நெறி உண்டு. 1856இல் பிரிட்டிஷ் கயானாவில் அச்சிட்ட ஒரு செண்டுச் செந்நீலத் தலையைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1873இல் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். 2014இல் அது ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அன்று வாங்கியவருக்கும் அதன் அருமை தெரியாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. தெரிந்துகொண்டே ஆறு ஷில்லிங் கொடுக்கிறவள் கதை வேறு.

நிற்க. உறைச் சம்பவத்துக்குப் பின், கழகத்தில் விற்பனைப் பேச்சே கூடாது என்று பலர் சொன்னார்கள். பொறுப்பேற்றிருக்கும் சிஸ்டரும் எங்கள் கருத்தைக் கேட்டார்கள். தவறு செய்த நாங்களே இதைச் சொல்வது அழகில்லைதான். ஆயினும் தடை வேண்டாம் என்றோம். வகுப்பில் பேசக்கூடாது என்றால் பஸ் நிறுத்தத்தில் காதோடு காதாகப் பேசுவார்கள். அங்கே சிஸ்டரும் இல்லை, கேள்வி கேட்கும் பிள்ளைகளும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. தாத்தா சேர்த்து வைத்த தலைகளை விற்றுக் குடும்பத்துக்கு உதவிய ஒரு தோழியை அறிவோம். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, யாரோ முகம் தெரியாதவருக்கு மலிவாகக் கொடுத்துவிட்டாள். வாய் திறந்து கேட்டிருந்தால் நாலு பேர் சேர்ந்தாவது கூடுதலாகக் கொடுத்திருப்போம். தன் பொருளை விற்பது இழிவில்லை என்ற எண்ணம் கழகத்தில் இருந்திருந்தால் அவளும் கேட்டிருப்பாள்.

ஆகவே சொல்லலாம், ஒரே முறை. அதையும் பீரியட் முடியும் வேளையில் சொல்ல வேண்டும். ஒருத்தி தன் ஆல்பத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து சொல்லலாகாது. முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் காட்ட வேண்டும். சிறியவர்களைத் தனியே அழைத்துச் சொல்வதும், நம் பொருளைப் புகழும்படி தோழியைத் தூண்டுவதும் வேண்டாம். யாரேனும் விலை பெறுமா என்று கேட்டால், "என்னிடம் கேட்காதே, மற்றவளிடம் கேள்" என்பதே நேர்மையான பதில். வாங்காதவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் கூடாது. இது எழுத எளிது; எங்களுக்கே வருவதில்லை.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்றுவரை சண்டை. ஒரு தோழி ஆசைப்படும் தலையை இன்னொருத்தி போட்டி போட்டுக் கேட்கலாமா? விட்டுக்கொடுப்பதே நட்பு என்கிறார்கள் சிலர். வாங்கும் தோழிக்கு விட்டுக்கொடுத்தால் விற்கும் தோழிக்கல்லவா நஷ்டம்? கேட்டுவிட்டு, தோற்றால் சிரித்துக்கொண்டு போவது மேல் என்பது எங்கள் எண்ணம். மறுக்கிறவள் எங்கள் பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இத்தகைய ஏலச் சந்தைகளில் கணக்கு வைக்க முடியாது. எனவே உங்கள் மகள் விற்பதெல்லாம் உங்கள் பெயரில்தான் விற்கப்படுகிறது. அந்த உறை விஷயம் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். "வியாபாரம் என்றால் அப்படித்தான்" என்று சிரித்தார்கள். அன்று ஒருவர் அதட்டியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்து, "என்னிடம் இரண்டாக இருப்பதால் ஒன்றை ஏலத்தில் விட்டிருக்கிறேன். வலப்பக்கம் ஒரு பல் குறைவு. பின்னால் ஹிஞ்ஜ் ஒட்டிய தழும்பு இருக்கிறது. ஞாயிறு மாலை எட்டு மணி வரை கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறு குரல், "அக்கா, பின்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றது. திரும்பிப் பார்த்தோம். அந்த ஏழாம் வகுப்புச் சிறுமி (இப்போது எட்டாம் வகுப்பு) பூதக்கண்ணாடியோடு எழுந்து வந்துகொண்டிருந்தாள்.