கத்திக்கு வயசு கேட்கலாமா?

வெளிநாடு போனால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. போட்டது யாரென்று தெரியவில்லை. ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் மணிலா போனவன், சாக்லெட், டி-ஷர்ட் என்று நிறுத்தியிருக்கலாம். பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். விதி.

அங்கேதான் அதைப் பார்த்தேன். முக்கால் அடி நீளம். நாகப்பாம்பு நெளிகிற மாதிரி அலகு. கறுத்த மரப்பிடி, பித்தளைப் பூண். பெயர் குனோங். பிலிப்பைன்ஸின் தெற்கே மிந்தனாவோ, சூலு பக்கத்து மோரோ முஸ்லிம்கள் இடுப்புத் துணியில் செருகிக்கொள்ளும் குத்துவாள். அவர்களுடைய பெரிய வாளான கிரிஸுக்குத் தம்பி.

"இருநூறு வருஷம், சார்" என்றார் கடைக்காரர். விலை 4,500 பெசோ. நம்ம பணத்தில் ஏழாயிரம் ரூபாய். வருஷத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்தானே என்று கணக்குப் போட்டேன். (ஆபீசிலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறேன் என்பது மேனேஜரின் கருத்து.) வாங்கியாச்சு.

மறுநாள் மணிலா ஆபீஸ் நண்பரிடம் பீற்றிக்கொண்டேன். "எங்கப்பா நாற்பது வருஷமா கத்தி சேர்க்கிறார், காட்டுங்களேன்" என்றார். சாயங்காலம் போனோம். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அங்கே தாத்தாவை 'லோலோ' என்கிறார்கள். நானும் லோலோ என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்தார், மாப்பிள்ளையின் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரி.

"யார் சொன்னது 200 வருஷம்?"

"கடைக்காரர்."

"அவருக்கு என்ன வயசு?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பாடம் ஆரம்பமானது. (பேசியது இங்கிலீஷில். தமிழ் என்னுடையது.)

"இதோ, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்குக் கம்பி. பழைய குனோங்கில் இது இருக்காது. இருபதாம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட ஃபேஷன். 200-ல் பாதி இங்கேயே போச்சு."

அடுத்து, தன் கிரிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அலகின் அடியில், பிடியை ஒட்டி அகலமாக ஒரு பகுதி. அதற்கு கங்யா என்று பெயர். பழைய கிரிஸில் அது தனித் துண்டு. கொல்லர் தனியாக அடித்துப் பொருத்தியிருப்பார். சேர்கிற இடத்தில் நிஜமான இடைவெளி தெரியும். பிற்காலத்து வேலையில் எல்லாம் ஒரே துண்டு. ஏமாற்ற ஒரு கோடு மட்டும் கீறியிருப்பார்கள். என் கத்தியில் அந்தக் கோடுகூட நேராக இல்லை.

கடைசிப் பரீட்சைக்கு, வெதுவெதுப்பான வினிகரில் துணியை நனைத்து அலகைத் துடைத்தார். பழைய அலகு என்றால் இரும்பையும் எஃகையும் அடுக்கடுக்காக வைத்து அடித்திருப்பார்கள். புளிப்புப் பட்டதும் மரத்தில் ரேகை தெரிகிற மாதிரி வரிகள் எழும். பத்து நிமிஷம் காத்திருந்தோம். வரி எழவில்லை. ஒரே சாம்பல் நிறம்.

"வண்டி ஸ்பிரிங் பட்டை" என்றார். "யுத்தம் முடிஞ்சு அமெரிக்காக்காரன் விட்டுப்போன ஜீப்பெல்லாம் எங்க ஊரில் ஜீப்னி ஆச்சு. ஸ்பிரிங்கெல்லாம் கத்தி ஆச்சு. உன் கத்தி நம்ம மூணு பேருக்கும் நடுவில் பிறந்திருக்கு தம்பி. என்னைவிடச் சின்னது, உன்னைவிட மூத்தது."

"அப்போ உண்மையிலேயே பழசை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"கத்தி சொல்வதைவிட அது வந்த வழி நிறையச் சொல்லும்" என்று ஒரு புத்தகத்தை எடுத்தார். வாஷிங்டன் தேசிய மியூசியத்திலிருந்த பிலிப்பைன்ஸ் ஆயுதங்களைப் பற்றி ஹெர்பர்ட் க்ரீகர் எழுதி 1926-ல் வந்தது. அதில் உள்ளது எதுவும் 1926-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது அல்லவா? அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றுக்கு வயசு சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் அமெரிக்கா எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். 1906 மார்ச்சில் ஹோலோ தீவில் புட் டாஹோ என்ற மலை. எரிமலையின் வாய்க்குள் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்திருந்த மோரோக்களை அமெரிக்க ராணுவம் சுற்றி வளைத்தது. பெண்கள், குழந்தைகள் உட்படச் செத்தவர்கள் அறுநூறிலிருந்து ஆயிரம் வரை என்கிறார்கள். 1911-ல், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஜெனரல் பெர்ஷிங் உத்தரவு போட்டார். 1913-ல் புட் பக்ஸாக் மலையில் மறுபடி சண்டை. ஊர் திரும்பின சிப்பாய்கள் பலரின் பெட்டியில் ஒரு கத்தி இருந்தது.

"எந்தத் தேதியில், எந்த மலையில் எடுத்தான்னு சீட்டு எழுதி ஒட்டியிருந்தா, எங்களை மாதிரி ஆளுங்க ரெண்டு மடங்கு விலை கொடுப்போம். அந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம்னு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைக்கும்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு ரசீதைக் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். 'நினைவுப் பொருள், புதியது' என்று போட்டிருந்தது! 2010-ல் வந்த பாரம்பரியச் சட்டப்படி, பண்பாட்டுச் சொத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். அதனால் கடைக்காரர் வாயால் 200 வருஷம், பேனாவால் நேற்று. நான் நிஜமாகவே பழசை வாங்கியிருந்தால் இந்த ரசீதோடு ஏர்போர்ட்டில் மாட்டியிருப்பேன்.

"திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

"எதுக்கு? ஊரெல்லாம் இடிஞ்சு கிடந்த காலத்தில் எவனோ ஒரு கொல்லன் பழைய இரும்பை எடுத்து, குடும்பத்துக்குச் சோறு போட இதை அடிச்சிருக்கான். யார் இடுப்பிலிருந்தும் உருவலை. பொய் கடைக்காரருடையது. கத்தி யோக்கியமானது. வெச்சுக்கோ."

பெட்டியில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது ஹாலில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "ரொம்பப் பழசோ?" என்கிறார்கள்.

"இல்லை சார், ஜீப்" என்கிறேன்.

ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காபியைச் சீக்கிரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 4,500 பெசோ இதற்கே தகும்.