பொம்மை விமானம் தரும் பாடம்

41 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

1983-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி கனடா நாட்டில் அப்படித்தான் நடந்தது. அது போயிங் 767 விமானம். உள்ளே 69 பேர் இருந்தார்கள். இரண்டு என்ஜின்களும் நின்றுவிட்டன!

காரணம் என்ன தெரியுமா? கணக்குப் பிழை! கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். வேண்டியதில் பாதி எரிபொருள்கூட விமானத்தில் இல்லை.

விமானியின் பெயர் ராபர்ட் பியர்சன். கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானத் தளத்தை நோக்கி அவர் வந்தார். ஆனால் விமானம் அதிக உயரத்தில் வந்துவிட்டது. மூக்கைக் கீழே சாய்த்தால் வேகம் கூடிவிடும். ஓடுபாதை போதாது.

அவர் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். வாலில் உள்ள சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினார். விமானம் பக்கவாட்டில் சறுக்கியபடியே இறங்கியது. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்!

இந்த வித்தை அவருக்கு எப்படித் தெரிந்தது? என்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவர் அவர். சின்ன விமானத்தில் கற்ற பாடம், பெரிய விமானத்தைக் காப்பாற்றியது.

சறுக்கல் என்றால் என்ன?

விமானத்தின் மூக்கு ஒரு திசையைப் பார்க்கிறது. விமானம் வேறு திசையில் நழுவுகிறது. காற்று அதன் விலாவில் மோதுகிறது. இதுதான் பக்கச் சறுக்கல்.

ஓலைப்பாயின் ஓரத்தைக் காற்றுக்கு நேரே பிடித்து நடந்து பாருங்கள். எளிதாக நடக்கலாம். அதையே அகலவாக்கில் பிடித்தால் காற்று தடுக்கும். சறுக்கும் விமானத்தையும் காற்று அப்படித்தான் தடுக்கிறது. அதனால் வேகம் கூடாமலே உயரம் குறைகிறது.

விமானி வேண்டும் என்று செய்தால் இது வித்தை. தானாக நேர்ந்து, திரும்பாமல் போனால் ஆபத்து!

செய்யும் முறை

ரேடியோவால் இயங்கும் பொம்மை விமானத்துக்கும் இதே விதிதான். அதை அமைக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நிமிர்ந்த வால். அம்புக்குப் பின்னால் இறகு கட்டுவது எதற்காக? அம்பு நேராகப் போவதற்காக. விமானத்தின் வாலும் அதே வேலையைச் செய்கிறது. விலாவில் காற்று பட்டதும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்புகிறது.

இரண்டாவது, இறக்கையின் நிமிர்வு. இறக்கையின் இரு நுனிகளையும் சற்று மேலே தூக்கி வைக்க வேண்டும். வலப்பக்கம் சறுக்கினால் வல இறக்கையைக் காற்று மேலே தள்ளும். விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். ஒரு பக்க இறக்கை 50 சென்டிமீட்டர் நீளம் என்றால், நுனியைச் சுமார் 4 சென்டிமீட்டர் தூக்கலாம்.

வாலும் நிமிர்வும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நிமிர்வு அதிகமாகி வால் சிறுத்தால் விமானம் தள்ளாடும். வால் பெருத்து நிமிர்வு குறைந்தால், சாய்ந்த விமானம் சுழன்று சுழன்று இறங்கும்.

மூன்றாவது, சுக்கான். விமானத்தை நாமே சறுக்க வைக்க வேண்டும் என்றால் சுக்கான் அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு உடனே காற்றின் பக்கம் திரும்பிவிடும். சறுக்கல் நிலைக்காது. இறக்கையின் நிமிர்வும் அளவோடு இருக்க வேண்டும். அதிகமானால் விமானம் சாய மறுக்கும்.

நம் பிள்ளைகளுக்கு ஏன்?

"இது பணக்காரர் விளையாட்டு. படிப்பு கெட்டுப்போகும்" என்று பெற்றோர் சொல்லக்கூடும். அப்படி அல்ல!

இதில் கணக்கு இருக்கிறது. விஞ்ஞானம் இருக்கிறது. கைத்தொழில் இருக்கிறது. செய்தது தவறு என்றால் விமானமே விழுந்து காட்டிவிடும். பிள்ளை காரணத்தைத் தேடுவான், அளவை மாற்றுவான், மறுபடியும் எறிவான். இதைவிட நல்ல படிப்பு எது?

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் விமானப் பொறியியல் படித்தார். அதே கல்லூரியின் 'தக்ஷா' மாணவர் குழு, 2018-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைதூர நோயாளிக்கு விமானம் மூலம் மருத்துவ உதவி செய்வதுதான் அந்தப் போட்டியின் நோக்கம்.

கல்வராயன் மலைக்கு இது எவ்வளவு தேவை! சாலை இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அங்கே மருந்தைப் பறக்கவிடுவது நாளை சாத்தியமாகலாம். ஆனால் மலைக்காற்று ஒரே சீராக வீசாது. பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் தள்ளும். முகட்டில் இன்னொரு பக்கம் தள்ளும். அந்தக் காற்றைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள் வெள்ளிமலைப் பிள்ளைகள்தான். அதற்கு ஏற்ற விமானத்தை அவர்களே அமைக்கட்டுமே!

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு விமானம் புதிது அல்ல. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத் தளம் இருக்கிறது. அன்று அதில் பறந்தவர்கள் அன்னியர்கள். நாளை பறப்பவர்கள் நம் பிள்ளைகளாக இருக்க வேண்டாமா?

செலவுக்கு அஞ்ச வேண்டாம். முதலில் தெர்மாகோல் அட்டையில் கையால் எறியும் விமானம் செய்யட்டும். அது நேராகப் பறந்த பிறகு, பள்ளிக்கு ஒரு ரேடியோ கருவி வாங்கினால் போதும். எல்லாரும் முறை வைத்துப் பழகலாம்.

ஒரு எச்சரிக்கை: மின்கம்பி, சாலை, மக்கள் கூட்டம் ஆகியவற்றின் அருகே பறக்கவிடக்கூடாது. ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். அரசின் விதிகளைத் தெரிந்துகொண்ட பிறகே பறக்கவிட வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களும் தலைமை ஆசிரியர்களும் மனம் வைத்தால் வரும் கல்வி ஆண்டிலேயே இதைத் தொடங்கலாம். மலையடிவாரப் பள்ளியிலும் மலைமேல் உள்ள பள்ளியிலும் பெண் பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

சறுக்கல் எல்லாருக்கும் வரும். சறுக்கினாலும் நிமிர்வது எப்படி என்பதைக் கற்றுக்கொண்ட பிள்ளை பயப்படமாட்டான்!