நகையை வைத்துப் புத்தகம் போட வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத விட்டான்.

காபி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்து நீட்டினான். "டீச்சர், ஒரு நாவல் எழுதிகினு இருக்கேன். மாயாஜாலக் கதை. நீங்கதான் ஒற்றுப் பிழை பார்த்துக் குடுக்கணும்" என்றான்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இரண்டு வருஷமாகப் போனிலேயே தட்டித் தட்டி எழுதியிருக்கிறான். ஒன்பது பாகம் திட்டம். முதல் பாகம் முடிந்துவிட்டது. எனக்கு ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், ஐந்தாம் வகுப்பில் இவனுக்கு 'ர'வும் 'ற'வும் சொல்லிக்கொடுத்தது நான்தானே, எப்படி எழுதியிருப்பானோ என்று பயம்.

அதைவிடப் பெரிய சேதியை எழுந்து போகும்போதுதான் சொன்னான். புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்கிறதாம். "சம்சாரம் வளையலைக் கழட்டித் தரேன்னு சொல்லிடுச்சி டீச்சர். நாளைக்கு சொசைட்டில வச்சிடலாம்னு இருக்கேன்."

உட்காரடா என்றேன். மதியச் சாப்பாடு வரைக்கும் உட்கார வைத்துவிட்டேன். அன்று அவனிடம் சொன்னதும் அவன் போன பிறகு யோசித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் கதை. கதை நடக்கும் நாட்டில் எப்போதும் பனி பெய்கிறது. கல் கோட்டை, நெருப்பு கக்கும் டிராகன், வாயில் நுழையாத பெயர்கள். "நீ பனியைத் தொட்டிருக்கியாடா?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ்ல தொட்டிருக்கேன் டீச்சர்" என்றான். இருவரும் சிரித்தோம்.

பனியைப் பார்க்காதவன் பனியைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டிராகனை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் அவன் எழுத்தில் ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கதாநாயகன் வற்றிப்போன ஆற்றில் மணலைக் கையால் தோண்டி, ஊற்றுக்கண் திறந்து கலங்கல் தெளியும்வரை கொட்டாங்குச்சியோடு காத்திருக்கிறான். இரண்டே பக்கம். அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் அங்கேதான் நான் அந்த நாட்டை நம்பினேன். ஏனென்றால் அது நம்ம செய்யாறு. கோடையில் இவனும் இவன் கூட்டாளிகளும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே தோண்டியதை நானே பார்த்திருக்கிறேன், விரட்டியும் இருக்கிறேன்.

நம்மைச் சுற்றி என்ன குறைச்சல்? பக்கத்து மாகறலில் பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு ராஜேந்திர சோழன் வந்ததாகத் தல புராணம் சொல்கிறது. உடும்பு புற்றுக்குள் மறைந்ததாம். அங்கே வெளிப்பட்ட லிங்கம் உடும்பின் வால் வடிவத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் கும்பிட்டுவிட்டு வருகிறோம், அதில் ஒரு நாவலே இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

இவன் கதையில் ஒரு மந்திரவாதிகள் சபை வருகிறது. சபைக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "பவர் அதிகம் இருக்கறவங்க" என்றான். உத்திரமேரூருக்கு வாரத்தில் இரண்டு தடவை பைக்கில் போகிறவன் இவன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டைப் படித்துப் பார்த்ததில்லை. முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலை, குடம், அதிலிருந்து ஓலையை எடுக்க ஒரு சின்னப் பையன். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. இதை அப்படியே மந்திரவாதிகளுக்கு மாற்றிப் பார். போன வருஷம் செலவழித்த மந்திரத்துக்குக் கணக்குக் காட்டாத மந்திரவாதியும் அவன் மச்சானும் சபைக்கு வெளியே நிற்கிறார்கள். அதுவே ஒரு பாகத்துக்குக் காணும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனைக்கு வைத்தியர் யார், அறுவை செய்பவர் யார், எவ்வளவு நெல் சம்பளம், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் புளிசாதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொன்னதும் அவன் கேட்ட கேள்வி நியாயமானது. "ஊர்க் கதைன்னா ஃபேன்டஸின்னு யார் டீச்சர் ஒத்துப்பாங்க?"

நம் சாகித்திய அகாடமியே ஒத்துக்கொண்டிருக்கிறது. அதன் பால சாகித்திய விருதை 2020இல் வாங்கிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' கதையில் ஒரு மரப்பாச்சி பொம்மை சிறுமியிடம் பேசுகிறது. 2023இல் வாங்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைத் தொட்டு எழுதிய கதை. இன்னும் பின்னால் போனால் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. கடவுள் சென்னையில் வந்து நிற்கிறார், கந்தசாமிப் பிள்ளையோடு ஓட்டலில் காபி குடிக்கிறார், வீட்டுக்கும் போகிறார். ஆடிக்காட்டிப் பிழைக்கலாம் என்று பார்த்தால் அவர் தாண்டவத்தை ரசிக்க ஆள் இல்லை. கடவுளே வந்தாலும் பட்டணத்தின் சட்டம் மாறுவதில்லை, அதுதான் அந்தக் கதையின் ருசி.

சட்டம் என்றதும் இன்னொன்று. இவன் கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் பறக்கிறான். ஏழாம் அத்தியாயத்தில் கிணறு மாதிரி ஒரு குகைக்குள் விழுந்து முப்பது பக்கம் தவிக்கிறான். "ஏன்டா, பறந்து வர வேண்டியதுதானே?" என்றேன். பதில் இல்லை. தலையைச் சொறிந்தான், ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்தபோது சொறிந்த மாதிரியே.

விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். இவ்வளவுதான் விதி. அவன் எவ்வளவு பெரிய ராஜாவானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இந்த இரண்டு வரி விதியை வைத்துக்கொண்டு அம்புலிமாமா எத்தனை தலைமுறையைக் கட்டிப் போட்டது! 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. சங்கர் வரைந்த அந்தப் படத்தை, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் ராஜாவை, என் வயதுக்காரர்கள் கண்ணை மூடினாலும் பார்ப்பார்கள். மந்திரத்தால் என்ன முடியாது, மந்திரம் போட்டால் எதை இழக்க வேண்டும் என்பதை முதலில் தனித்தாளில் எழுதிக்கொண்டு வா என்று வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது பாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' வரிசையில் 26 நாவல் எழுதினார். ஆனால் அவருடைய முதல் நாவல் 'ரப்பர்' சின்னப் புத்தகம், 1990இல் வந்தது. டோல்கீன் 'ஹாபிட்' என்ற குழந்தைக் கதையை 1937இல் வெளியிட்டு, பெரிய மூன்று பாகக் கதையைக் கொண்டுவர 1954 ஆகிவிட்டது. முதல் புத்தகம் தனியாக நிற்கட்டும். அதைப் படித்தவர்கள் அடுத்தது எங்கே என்று கேட்டால் எழுது.

இனி அந்த எண்பத்தைந்தாயிரம்.

ஒப்பந்தத்தை போனிலேயே காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தேன். பணத்தை இவன் கட்ட வேண்டும். அச்சான பிறகு இருநூறு பிரதியை இவனே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒலிப்புத்தகம், சினிமா உள்பட உரிமை பத்து வருஷம் அவர்களுக்கு. ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தர ஐந்தாயிரம். நம் நாட்டில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இலவச எண்ணுக்கே ஐந்தாயிரம் என்றால் மற்றக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பாளர் என்றால் உன் கதையை நம்பித் தன் பணத்தைப் போடுகிறவர். விற்றால் உனக்கு ராயல்டி தருவார், பொதுவாக விலையில் பத்து சதவீதம். உன்னிடமே பணம் வாங்குகிறவருக்குப் புத்தகம் விற்க வேண்டிய அவசியமே இல்லை, அச்சடிக்கும்போதே அவர் லாபம் வந்துவிட்டது. இதை அவனுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அவங்க என் கதையை ரொம்பப் பாராட்டினாங்க டீச்சர்" என்றான். அந்த இடத்தில்தான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் இவன் எழுத்தைப் பாராட்டிய முதல் ஆள் பணம் கேட்கிறவனாக இருந்திருக்கிறான்.

சொந்தமாகப் போடுவது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது அச்சுக்கூலி வேலை என்று தெரிந்து செய்ய வேண்டும். இப்போது ஐம்பது பிரதி, நூறு பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். பக்க வடிவமைப்புக்கு எவ்வளவு, அட்டைக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். உரிமை உன்னிடமே இருக்கும். நம் சட்டப்படி எழுதிய உடனே உரிமை உன்னுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உன் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் உன் பிள்ளைகளுக்கு அது சொத்து. அதைப் பத்து வருஷத்துக்கு ஒரு கையெழுத்தில் எழுதிக் கொடுப்பதா? கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தைச் செலவில்லாமல் ஏற்றலாம், பிரதிலிபியில் தொடராகப் போடலாம். தொடர் ஒன்றும் குறைவான விஷயம் இல்லை, 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்ததுதான். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போ, இந்த மாதிரிக் கதை யார் யார் போடுகிறார்கள் என்று அரங்கு அரங்காகப் பார், நாலு பேருக்கு முதல் மூன்று அத்தியாயம் அனுப்பு. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். ஹாரி பாட்டரையே பல பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. 1997இல் முதல் முறை கெட்டி அட்டையில் 500 பிரதிதான் போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று பதிப்பகத் தலைவருக்குத் தோன்றக் காரணம், முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்ட அவருடைய எட்டு வயது மகள். 'ஹாபிட்' கதையும் அப்படித்தான். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்து, மதிப்புரை எழுதி வாங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பெரியவர்கள் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வார்கள். பிள்ளைகள் சலித்தால் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

"உன் கதையை உன் பெரிய பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்று கேட்டேன். இல்லை என்றான். வெட்கமாம்.

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்த விஷயம் ஒன்று உண்டு. சாப்பிடும்போது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "அஞ்சாவதுல கணக்கு நோட்டுக் கடைசியில ஒரு பேய்க் கதை எழுதி வச்சிருந்தேன். நீங்க பார்த்துட்டுக் கிழிச்சீங்க டீச்சர்." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு நினைவே இல்லை. ஆனால் செய்திருப்பேன். அந்தக் காலத்தில் மாயக் கதை படித்தால் பிள்ளைகள் புத்தி கெடும், கணக்கு நோட்டில் கணக்குதான் இருக்க வேண்டும் என்று நம்பியவள் நான். அவன் ஒருவன் நோட்டை மட்டுமா கிழித்திருப்பேன்? இதைப் படிக்கிறவர்களில் வேறு யாருக்காவது அப்படி நினைவு இருந்தால் சொல்லுங்கள். டீச்சர் வருத்தப்படுவார் என்று மறைக்க வேண்டாம்.

என் தம்பி போனில், "கதை எழுதி என்னக்கா ஆவப்போவுது, அந்த நேரத்துல ஓவர்டைம் பார்த்தா காசு" என்றான். அவன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. காசுக்காக என்றால் ஓவர்டைம்தான் நல்லது. ஆனால் அவன் காசுக்கு எழுதவில்லையே. காசைப் போட வந்தவனாயிற்றே.

வளையல் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி முதல் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பினான். டிராகன் போய்விட்டது. புற்றும் உடும்பும் வந்திருக்கிறது. ஒற்றுப் பிழை மட்டும் அப்படியே. என் பேத்தியிடம் படிக்கக் கொடுத்தேன், ஆறாம் வகுப்பு. மூன்று பக்கம் படித்துவிட்டு, "உடும்பு ஏன் பாட்டி பேசலை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒன்பது பேர் வேண்டும். கதை படிக்கிற பழக்கம் உள்ளவர்கள், முகத்துக்காகப் பாராட்டாதவர்கள், வீட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. கருத்துப் பகுதியில் பெயர் போடுங்கள், நான் அத்தியாயத்தை அனுப்புகிறேன். ராஜா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் இன்னும் தெரியாது.