வாயால் சொன்னால் போக முடியாது

வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுப்பது ஒரு பெரிய விசயமா, இதைப் போய் இயக்கப் பத்திரிகையில் எழுதணுமா என்று தோழர்கள் கேட்கலாம். எழுதணும். நம்ம சனங்களுக்கு இந்த நாட்டில் எழுதிக் கொடுத்து யாரும் எதையும் காலி பண்ணச் சொன்னதில்லை. வாயால் சொன்னார்கள். வாய் பத்தாத இடத்தில் கம்பால் சொன்னார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் தவணை தாண்டிப்போனால்கூட ஏலம் போடுவதற்கு முன் கடன்காரருக்குத் தபாலில் நோட்டீஸ் போகிறது. இத்தனை தேதிக்குள் வந்து மீட்டுக்கொள், இல்லாவிட்டால் இன்ன தேதியில் ஏலம் என்று அதில் இருக்கும். ஒரு ஜோடித் தோட்டுக்கு இருக்கிற மரியாதை இது. பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்கிற மனுசனுக்கு இந்த மரியாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பழைய கதையிலிருந்து வருவோம். பண்ணையாள் குடிசை பண்ணையார் மனையில் இருந்தது. கூலி கூடக் கேட்டால் குடிசை போகும். கூட்டத்துக்குப் போனால் குடிசை போகும். குடியிருப்பும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. கயிறு அவன் கையில். கீழத்தஞ்சைப் போராட்டங்களுக்குப் பிறகு, 1961-ல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றாமல் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. அந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வர 1971 ஆயிற்று. குத்துச் செவுரும் கீற்றுக் கூரையும் நிற்கிற துண்டு மண் நம்முடையது என்று எழுத, சுதந்திரம் வந்தும் 24 வருசம் பிடித்தது.

படித்தவன் கதை மட்டும் வேறயா? 1917-ல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு இருந்தார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. அவர் ஒரு வாரம் தவணை கேட்டார். தரவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். தெரிந்த நண்பர்கள் இருவரைக் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்துவர். இருவருமே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அன்றைக்குப் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற சின்ன நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். அவர் கேட்ட அந்த ஒரு வாரம் என்ன? அதுதான் நோட்டீஸ். இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய கை, ஒரு வார நோட்டீசுக்குக் கெஞ்ச வேண்டியிருந்தது.

இப்போது நம்ம புதுக்கோட்டைக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது நாடெல்லாம் செய்தியானது. கிராமத்துச் சாதி கண்ணுக்குத் தெரிகிறது. நகரத்து வாடகை வீட்டுச் சாதி செய்தியாவதில்லை. ராஜ வீதிகளும், ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்ட வீதிகளுமாக நூல் பிடித்தாற்போல் அமைந்த ஊர் இது. வீதிக்குத்தான் எண். குடியேற வருகிறவனுக்குக் கேள்வி. "சொந்த ஊர் எது சார்?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "கவுச்சி சமைப்பீங்களா?" "குலதெய்வம் எது?" நேராகக் கேட்கிறவனைவிட இப்படிச் சுற்றி வளைக்கிறவன்தான் அதிகம். டூலெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும். வீடு மட்டும் "நேத்தே பேசி முடிஞ்சிருச்சு".

அப்படியும் உள்ளே போய்விட்டோம் என்று வையுங்கள். நான் பத்து வருச வேலையில் ஆறு வீடு மாறியிருக்கிறேன். மாற்றல் உத்தரவால் மாறியது மூன்று. மற்ற மூன்றில் ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், யார் வீடு என்பது வேண்டாம். கிராமத்திலிருந்து என் அப்பா வந்து ஒரு வாரம் இருந்தார். வீட்டுக்காரரோடு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் வீட்டுக்காரம்மா வந்தார்கள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. பையன் குடும்பத்தோட வர்றான். மாசக் கடைசிக்குள்ள பாத்துக்குங்க." அன்று தேதி இருபது. பையன் வரவில்லை. அடுத்த மாசமே வேறு குடித்தனம் வந்தது. அட்வான்சில் ஒரு மாச வாடகையை வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டார்கள். நாம் இருந்த வீட்டைக் கொஞ்சம் அழுத்தித்தான் வெள்ளையடிப்பார்கள் போலிருக்கிறது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் வருச சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்கிறது. நோட்டீஸ் எழுத்தில் இருக்கணும், கையெழுத்து இருக்கணும். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இரண்டு பேருக்கும் இது பொது. 1960-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெளியேற்றக் காரணம் வேண்டும், அதைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கு என்று உத்தரவு வாங்கிவிட்டு ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டால், பழைய வாடகைதாரர் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். 'பையன் வர்றான்' என்பது அன்றைக்கும் புழங்கிய பொய்தான் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில், 1979-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளியேற்ற 106 நோட்டீஸ் தனியாகத் தேவையில்லை என்றார்கள். காரணத்தை நிரூபித்தாக வேண்டும் என்ற பாதுகாப்பே போதும் என்பது அதன் உள்ளர்த்தம்.

அந்தப் பாதுகாப்பு இப்போது தேய்ந்துவிட்டது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், 1960 சட்டத்தை நீக்கிவிட்டது. இப்போது எல்லாமே ஒப்பந்தம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும். வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தரணும். குடியிருப்பவர் போவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் உள்ளபடி, அதில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மாதம் முன்னதாக, நோட்டீஸ் கொடுக்கணும். நல்லதுதான். ஆனால் காலம் முடிந்தால் புதுப்பிப்பதும் விடுவதும் வீட்டுக்காரர் இஷ்டம். ஏன் என்று கேட்க முடியாது. பதினோரு மாச அக்ரிமென்ட் என்பது நம்மைப் பொறுத்தவரை கம்பில்லாத கம்பு.

"இது வீடு வச்சிருக்கிறவன் சட்டம், இதுல போய் நமக்கு என்ன நோட்டீஸ்? ராத்திரியோட ராத்திரியா வேன் பிடிச்சுப் போய்ட்டே இருக்கணும்" என்று ஒரு தோழர் சொன்னார். அவர் கோபம் நியாயம். வழி நியாயமில்லை. ராத்திரியில் போகிறவனுடைய அட்வான்ஸ் அவனோடு போவதில்லை. அதைவிட, "இவனுகளுக்கு வீடு குடுத்தா இப்படித்தான்" என்று வீட்டுக்காரன் தெருவில் சொல்ல நாமே வாக்கியம் எடுத்துக் கொடுக்கிறோம். அடுத்து வருகிற நம்ம பையன் அந்த வாக்கியத்தில் முட்டிக்கொண்டு திரும்புவான்.

காகிதத்துக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், சாதி வாயில்தான் பத்திரமாக இருக்கிறது. எழுதச் சொன்னால் தடுமாறுகிறது. "நீ இன்ன சாதி, அதனால் காலி செய்" என்று எவனும் எழுதித் தரமாட்டான். சரி, காரணத்தை எழுத வேண்டாம். தேதியை எழுதித்தானே ஆகணும்? அப்பா வந்துபோன தேதிக்கும், அண்ணல் படத்தைச் சுவரில் மாட்டிய தேதிக்கும், நோட்டீஸ் தேதிக்கும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க ஒரு நீதிமன்றத்துக்கு முடியும். வாயால் சொன்னதை எண்ண முடியாது.

எண்ணிப் பார்க்கச் சட்டமும் இருக்கிறது. எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருக்க விடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பது 1955-ஆம் வருச குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் அது தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று எதிராளிதான் காட்டணும். வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி பட்டியல் சாதியினரைக் கட்டாயப்படுத்துவது 1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். இந்த இரண்டையும் வாடகை வீட்டுக்கு எடுத்துப் போனவர் நம்மில் எத்தனை பேர்? கையில் காகிதம் இல்லாமல் ஸ்டேசனுக்குப் போனால் "வீட்டுக்காரர் இஷ்டம்ப்பா" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு, அறை எடுத்துத் தங்குகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். வாடகையைக் கணக்கில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். "காலி பண்ணுங்க" என்றால், சண்டை வேண்டாம், "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் நீங்கள் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்னார் வாய்மொழியாகச் சொன்னீர்கள், சொன்ன காரணம் இது, எழுத்தில் தரக் கேட்டுக்கொள்கிறேன். நாமாகவே போவதானால் ஒப்பந்தப்படி முன்கூட்டியே கடிதம். சாவி தரும் நாள், கட்டிய வாடகை, ஈபி ரீடிங், வரவேண்டிய அட்வான்ஸ் தொகை, எல்லாம் அதில் இருக்கட்டும். 2025-ல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள், விரைவு அஞ்சலிலேயே அனுப்பி ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். காலியான வீட்டைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், வெள்ளையடிக்கிற கணக்குக்கு உதவும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அட்வான்சைத் திருப்பித் தரும்போது "சொந்தக் காரணங்களுக்காகக் காலி செய்கிறேன்" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். பணம் அவர்கள் கையில் இருக்கும், வண்டி வாசலில் நிற்கும். அந்த நேரத்தில்தான் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். அவன் சாதிக்கு நம்ம கையால் சாட்சி எழுத வேண்டியதில்லை. 'வீட்டுக்காரர் சொன்னதால் காலி செய்கிறேன்' என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு கொடுக்காதவன் நோட்டீசைப் பார்த்துத் திருந்தப் போவதுமில்லை. நமக்கென்று மனை, நமக்கென்று வீடு என்கிற பெரிய போராட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதுவரை நாம் இவர்கள் வீட்டில்தான் குடியிருந்தாக வேண்டும். பட்டப்பகலில் வந்தோம், போவதானாலும் பட்டப்பகலில், கணக்கு முடித்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவோம். நம்மைப் போகச் சொல்பவனும் அதே பட்டப்பகலில் கையெழுத்துப் போடட்டும்.